எழுத்துருக் கேள்வி – பதில்: கட்டைக் கால் எழுத்துகள்

கேள்வி: அமெரிக்க மேற்குப் பகுதிக் கதைகளைச் சொல்லும் திரைப்படங்களில், ‘தேடப்படும் குற்றவாளி’ என்று ஒட்டப்படும் சுவரொட்டிகளின் ஆங்கில எழுத்துகள் மேலும் கீழும் தடித்த கட்டைகளோடு இருக்கின்றன. அந்த வகை எழுத்து எதற்காக உருவானது?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆங்கில எழுத்தின் தண்டு முடியும் இடத்தில் குறுக்கே நிற்கும் சிறு கோட்டைச் செரிஃப் என்பார்கள். அது இழை போல மெலியாமல், ஏறக்குறையத் தண்டின் பருமனிலேயே பட்டையாக நின்றால், அந்த எழுத்துரு ஸ்லாப் செரிஃப் வகையைச் சேர்ந்தது. லாட்டரி, நாடகம், ஏலம் ஆகியவற்றின் அறிவிப்புகள் லண்டன் சுவர்களை நிறைக்கத் தொடங்கிய 1810களில், அவ்வூர் எழுத்து வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிகின்ஸ் இவ்வகை எழுத்துகளை வார்த்து வெளியிட்டார். அன்று செல்வாக்கோடு இருந்த புத்தக எழுத்துகளில் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வேறுபாடு மிகுதி என்பதால், அவற்றைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினால், தூரத்தில் மெல்லிய கோடுகள் மறைந்து தண்டுகள் மட்டும் வேலிக்கால்கள் போலத் தெரியும். எல்லாக் கோடுகளையும் தடிப்பாக்கியதும் அந்தத் தொல்லை நீங்கியது. மட்டமான தாளிலும் அவசர அச்சிலும் கோடுகள் உடையாமல் பதிந்தன.

அமெரிக்காவில் இதற்கு மரம் கைகொடுத்தது. பெரிய அளவு ஈய எழுத்துகள் கனமும் விலையும் மிகுந்தவை. நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் 1827இல் மர எழுத்துகளை இயந்திரத்தால் குடைந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தபின், எந்த ஊர் அச்சகமும் சுவரொட்டி எழுத்துகளை வாங்கி வைத்துக்கொள்ள முடிந்தது. தாங்கள் கேட்கும் சுவரொட்டி எழுத்து பெரும்பாலும் ஃபிரெஞ்சு கிளாரெண்டன் எனப்படும் வகை. அதில் கட்டைகள் தண்டைவிடவும் தடித்திருக்கும். தனியே ஓர் எழுத்தைப் பார்த்தால் அது விகாரமானது என்றே சொல்வேன். ஆனால் ஒரு சொல்லாகக் கோத்துவிட்டால், மேலும் கீழும் இரண்டு கரும்பட்டைகள் ஓடிப் பார்வையைப் பிடித்து நிறுத்திவிடும்.

அதன் மூதாதையான கிளாரெண்டன் எழுத்துருவை லண்டனின் ஃபேன் ஸ்ட்ரீட் வார்ப்பகம் 1845இல் வெளியிட்டது. அங்கே ராபர்ட் பெஸ்லியின் பொறுப்பில் அது உருவானது. கட்டையும் தண்டும் செங்குத்தாக முட்டாமல் சிறு வளைவோடு இணைவதும், சிறிய ‘ஆர்’ எழுத்தின் கை ஓர் உருண்டையில் முடிவதும், பெரிய ‘ஆர்’ எழுத்தின் கால் மேல்நோக்கிச் சுருள்வதும் இதன் அடையாளங்கள். சாதாரண எழுத்தில் ஓடும் வரிக்கு நடுவே ஒரு சொல்லை மட்டும் தடிப்பாகக் காட்டுவதற்கென்றே இது வடிவமைக்கப்பட்டது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி தன் தலைச்சொற்களை இவ்வகை எழுத்தில்தான் அச்சிட்டது. பெஸ்லி வடிவத்தைப் பதிவு செய்திருந்தும் காப்புரிமை மூன்றே ஆண்டுகளுக்குத்தான் கிடைத்தது. அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் தாராளமாக நகலெடுத்தன. எழுத்துருத் திருட்டைப் பற்றி இன்று புலம்புவோர் அவரை நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவரின் கடைப் பெயரைத் தடித்த ஸ்லாப் எழுத்தில் அமைத்தேன். பெயர்ப் பலகையில் எடுப்பாக இருக்கிறது. பில்லில் 7 பாயிண்டில் வைத்தால் மை அப்பியது போல் தெரிகிறது. என்ன செய்யலாம்?
— டிடிபி வடிவமைப்பாளர், ஈரோடு

பதில்: எழுத்தைப் படிக்க வைப்பதில் கோடுகளுக்குச் சமமான பங்கு அவற்றுக்கு இடையிலுள்ள வெள்ளைக்கும் உண்டு. தடித்த ஸ்லாப்பில் ஆங்கிலச் சிறிய ‘இ’ (e) எழுத்தின் கண், அதாவது உள்ளே மூடிய வெள்ளை, ஏற்கெனவே ஒரு கீற்றாகத்தான் இருக்கிறது. 7 பாயிண்டில் மை சற்றே பரவினாலும் அது மூடிக்கொள்ளும். சிறிய ‘எம்’ எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மூன்று கால்களுக்கும் இருபுறமும் முழுக் கட்டை வைக்க இடமில்லாததால், நல்ல வடிவமைப்பாளர் உள்பக்கக் கட்டைகளைக் குறுக்கியோ நீக்கியோ இருப்பார். கிடைக்கோடும் செங்கோடும் ஒரே அளவில் இருந்தால் கிடைக்கோடு நம் கண்ணுக்குத் தடிப்பாகத் தோன்றும் என்பதால், அதையும் ஒரு மயிரிழை இளைக்க வைத்திருப்பார். போல்டு வடிவமே இல்லாத எழுத்துருவில் போல்டு பொத்தானை அழுத்தினால் இந்த நுணுக்கங்கள் எதுவும் நடப்பதில்லை. மென்பொருள் எழுத்தின் விளிம்பை நாலாபுறமும் ஊதிப் பெருக்குவதோடு சரி. தங்கள் பில்லில் நடந்தது இதுவாகவும் இருக்கலாம்.

பில்லுக்கு அதே குடும்பத்தின் ரெகுலர் வடிவத்தை எடுத்து, எழுத்திடைவெளியைச் சிறிது கூட்டுங்கள். தடித்த வடிவத்தை 18 பாயிண்டுக்கு மேல், நாலைந்து சொற்களோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். இதில் ஒரு முழுப் பத்தியைக் கோப்பது வாசகருக்குத் தண்டனை.

கேள்வி: ராக்வெல்லும் கிளாரெண்டனும் ஒன்றுதானா? தமிழோடு சேர்த்து வைக்க எது பொருந்தும்?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஒன்றல்ல. மோனோடைப் நிறுவனம் 1934இல் வெளியிட்ட ராக்வெல் வடிவியல் சார்ந்தது; அதன் ‘ஓ’ ஏறக்குறைய முழு வட்டம், கட்டைகள் தண்டோடு வளைவின்றி நேராக இணையும். ஐபிஎம் சின்னமும் இந்த நேர்கோட்டுப் பங்காளிதான்: ஜார்ஜ் டிரம்ப் 1930இல் வரைந்த சிட்டி எழுத்துருவைத் தழுவி 1956இல் அதை அமைத்த வடிவமைப்பாளர் பால் ராண்ட், 1972இல் எட்டுப் பட்டைகளாக அறுத்தார்.

தமிழோடு சேர்ப்பதானால் நான் ராக்வெல்லையே எடுப்பேன். இன்றைய கணினித் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் கோட்டின் பருமன் அதிகம் மாறுவதில்லை. அதற்கு ராக்வெல்லின் சீரான கோடு இணங்கிப்போகும். ஆனால் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பக்கத்திலுள்ள தமிழை அமுக்கிவிடும் என்பதால், ஆங்கிலத்தை ஓரிரு பாயிண்ட் குறைத்து, ஒரு படி மெலிந்த வடிவத்தில் வையுங்கள். காசு கொடுக்க வேண்டாம் என்றால் ரோபோட்டோ ஸ்லாப் இலவசமாகக் கிடைக்கிறது.