தொடக்கநிலைப் புற்றுநோய்: எண்டோஸ்கோப்பி சிகிச்சை பற்றிய வாசகர் கேள்விகள்

கே: இரைப்பையில் தொடக்கநிலைப் புற்றுநோய். வயிற்றைத் திறக்காமலே அகற்றலாம் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். மேல் சவ்வோடு நின்றுவிட்ட, தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்த கட்டிகளில், நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றைத் தொடுவதே அபூர்வம். ஜப்பானில் 1990களின் பிற்பகுதியில் உருவான ஈ.எஸ்.டி. (எண்டோஸ்கோப்பி வழியாகவே மேல் சவ்வுக்கு அடியில் வெட்டி எடுப்பது) முறையில், கட்டிக்கு அடியில் திரவம் செலுத்தி மேலெழுப்பி, சுற்றிலும் வெட்டி ஒரே துண்டாக உரித்தெடுக்கிறார்கள்.

கே: ஒன்றரை செ.மீ. கட்டியை எடுத்துவிட்டார்கள். 'முழுவதும் வந்துவிட்டது' என்றார் மருத்துவர். இனிப் பயமில்லையே?

இரண்டு பக்கக் கடிதத்தில் அறையின் வசதி வரை எழுதியிருக்கிறீர்கள். எடுத்த துண்டின் பயாப்ஸி அறிக்கையைப் பற்றி ஒரு வரி இல்லை. மாதந்தோறும் இதே கதைதான். கண்ணுக்கு முழுதாகத் தெரிந்தது முழுதா என்பதை மைக்ராஸ்கோப்தான் சொல்லும். எடுத்த துண்டைப் பலகையில் விரித்து ஊசி குத்தி, ஃபார்மலினில் ஊறவைத்து, ஏறக்குறைய 2 மி.மீ. பட்டைகளாக நறுக்கிப் பார்ப்பார்கள். ஓரங்களிலும் அடியிலும் புற்றணு இருக்கிறதா, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, இரத்தக்குழாயிலோ நிணநீர்க்குழாயிலோ நுழைந்திருக்கிறதா, அணுக்கள் எந்த வகை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இரைப்பையில் சவ்வுக்குக் கீழுள்ள படலத்தில் அரை மி.மீ. தாண்டிவிட்டாலே நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு கூடும், கணக்கு மாறும். உணவுக்குழாயில் எல்லை இன்னும் கடுமை, 0.2 மி.மீ. அதன் பிறகு அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டிவரலாம். துண்டு துண்டாக எடுத்திருந்தால் ஓரத்தையே சரியாகப் படிக்க முடியாது. அறிக்கை வருவதற்கு நாளாகும். அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள் பலர் அதை வாங்கவே போவதில்லை. வாங்கியவர்களோ பில்லோடு சேர்த்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். போய் வாங்குங்கள். படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கே: சிகிச்சை முடிந்து பத்து நாள். மலம் தார் போல் கறுப்பாகப் போகிறது. இரும்புச்சத்து மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. என்ன செய்ய?

இந்தக் கடிதம் எழுதிய நேரத்தில் மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். நூற்றில் ஐந்து பேருக்கு இப்படிப் பின்னால் இரத்தம் கசியும். பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி வழியாகவே நிறுத்திவிடலாம்.

கே: இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். சிகிச்சைக்கு முன் நிறுத்தட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருத்துவரும் எண்டோஸ்கோப்பி மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

கே: உணவுக்குழாயில் எடுத்து மூன்று வாரம். விழுங்கினால் அடைக்கிறது. நோய் திரும்பிவிட்டதா?

அதைவிடத் தழும்பு சுருங்கியிருக்கும் வாய்ப்பே அதிகம். குழாயின் சுற்றளவில் முக்கால் பங்குக்கு மேல் உரித்தால் இது எதிர்பார்க்க வேண்டியதே. பலூன் வைத்து விரிப்பார்கள். சிலருக்குப் பலமுறை தேவைப்படும். தள்ளிப்போடாதீர்கள்.

கே: கட்டிதான் போய்விட்டதே, இரைப்பையில் வாழும் எச்.பைலோரி கிருமிக்கு மருந்து எதற்கு?

போனது கட்டி, அதை வளர்த்த இரைப்பை அப்படியேதான் இருக்கிறது. கிருமியை ஒழித்தால் புதிய கட்டி வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகும், பூஜ்யமாகாது. ஆகவே மருந்துக்குப் பிறகும் ஆண்டுதோறும் எண்டோஸ்கோப்பி உண்டு. போகும்போது பழைய பயாப்ஸி அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள்.