ஒமிக்ரான் லேசானது என்றால் எச்சரிக்கை எதற்கு?

கொரோனா வைரஸின் உருமாறிய வகையான ஒமிக்ரான் பரவியபோது “வீரியம் குறைவு” என்றும் “கவனமாக இருங்கள்” என்றும் ஒரே மூச்சில் சொன்னார்களே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான்.

2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்தில் தொற்று மளமளவென்று ஏறியபோதும், ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் விகிதம் அதற்கு முன் பரவிய டெல்டா வகையின் அலையைவிடக் குறைவாகவே இருந்தது. காரணமும் விரைவில் ஓரளவு புலப்பட்டது. இந்த உருமாறிய வைரஸ் மூச்சுக்குழாய்த் திசுவில் டெல்டாவைவிடச் சுமார் 70 மடங்கு வேகமாகவும், நுரையீரல் திசுவில் மூல வைரஸைவிட மிக மெதுவாகவும் பெருகுவதை ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் கண்டனர்.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. தொற்றிய 1,000 பேரில் 20 பேருக்குப் படுக்கை தேவைப்பட்ட நிலை மாறி 10 பேருக்கே தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம்; ஆனால் தொற்றியவர்கள் 4,000 பேரானால் 40 படுக்கைகள் வேண்டும். 2022 ஜனவரியில் அமெரிக்க மருத்துவமனைகளில் இருந்த கோவிட் நோயாளிகளின் எண்ணிக்கை முந்தைய உச்சங்களைத் தாண்டியதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

மேலும், லேசானது என்ற பெயரில் பாதிப் பெருமை வைரஸுக்கு உரியதே அல்ல. தென்னாப்பிரிக்காவில் இளையோர் அதிகம், ஏற்கெனவே தொற்றி மீண்டவர்களும் அதிகம். முதியோர் பலர் தடுப்பூசி போடாதிருந்த ஹாங்காங்கிலோ, 2022 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதே ஒமிக்ரான் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. ஆகவே தடுப்பூசி போட்ட இளைஞர் ஆறுதல் கொள்ளலாம். போடாத முதியவர் இருக்கும் வீட்டுக்கு அந்த ஆறுதல் பொருந்தாது.