துட்டி வீட்டில் என்ன பேசுவது?

வணக்கம்.

சென்ற வாரம் என் நண்பனின் தாயார் காலமானார். போனில் அழைத்து, "உன் வலி எனக்குப் புரிகிறதுடா, அப்பா போனபோது நானும் இப்படித்தான் இருந்தேன்" என்றேன். "உனக்கு ஒன்றும் புரியாது" என்று வைத்துவிட்டான். அதைவிட என்னைச் சுட்டது வேறொன்று: பேசும்போது எனக்கு அழுகையே வரவில்லை. இன்னொருவர் துயரத்தை உணர முடியுமா, இல்லை எல்லாம் நடிப்புதானா?

கா., ஓசூர்

அன்புள்ள கா.,

அழுகை வராததை விட்டுவிடுங்கள். பிறர் நோயைத் தன் நோய்போலக் கருதுவதை வள்ளுவர் அறிவின் பயன் என்கிறார் (குறள் 315). கண்ணீரைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

பொருளாதாரத்துக்காக நாம் அறிந்த ஆடம் ஸ்மித், 1759இல் எழுதிய அறவியல் நூலை உங்கள் கேள்வியோடுதான் தொடங்குகிறார். பிறர் உணர்வது நமக்கு நேரடியாகத் தெரிய வழியில்லை. அந்த இடத்தில் நாம் இருந்தால் எப்படியிருக்கும் என்று கற்பனைதான் செய்ய முடியும் என்கிறார். கயிற்றில் ஆடுபவனைப் பார்க்கும் கூட்டம் தானும் உடம்பை வளைத்து நெளிக்கிறதே, அதை உதாரணம் காட்டுகிறார். எங்கள் தெருவில் கழைக்கூத்து நடந்தபோது நானும் நெளிந்திருக்கிறேன். ஆனால் கயிற்றில் நின்றது அவன். எனக்குக் கூசியது என் கால். அம்மாவை இழந்தவனிடம் நீங்கள் உங்கள் அப்பாவைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அப்படித்தான்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் துக்கம் விசாரிப்பதைத் 'துட்டி கேட்பது' என்பார்கள். என் ஆச்சி அங்கே போய் ஆறுதல் சொல்லி நான் பார்த்ததில்லை. இறந்தவளின் மகளை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "ராத்திரி என்ன சாப்பிட்டாள்? கடைசியில் பக்கத்தில் யார் இருந்தது?" என்று கேட்பாள். மகள் முதலிலிருந்து சொல்வாள். அடுத்து வருகிறவளும் அதையே கேட்பாள், மறுபடி முதலிலிருந்து. சிறுவனாக எனக்கு அது சித்திரவதையாகத் தெரிந்தது. என் வீட்டில் சாவு விழுந்தபோது, யாராவது கேட்கமாட்டார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆச்சியும் கட்டிக்கொண்டு அழுவாள். ஒப்பாரியில் பாதிப்பேர் அழுவது தங்கள் வீட்டுச் சாவுக்கு என்பது ஊரறிந்த விஷயம். ஆச்சிக்கும் சின்ன வயதில் செத்துப்போன ஒரு பிள்ளை உண்டு. அவன் பெயரை அவள் அங்கே எடுத்ததே இல்லை. இதை நடிப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

இப்போது ஒத்துணர்வு என்று எழுதுகிறோம். எனக்கென்னவோ 'விசாரிப்பு' போதும்.

நேரில் போங்கள். அம்மாவுக்கு எப்படி ஆயிற்று என்று கேளுங்கள். அவன் வாய் திறக்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் 'வருகிறேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.