வீட்டுத் தோட்டம்: காண்டாவனத்துக் கேள்விகள்

காண்டாவனம், அதுதான் எங்கள் யாழ்ப்பாணத்துக் கடுங்கோடை, தொடங்கிவிட்டது. இந்த மாதம் வந்த கடிதங்களில் எதைப் பிரித்தாலும் கடைசியில் கிணற்றடியில்தான் போய் நிற்கிறது. இடம் உள்ள மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

உரும்பிராயிலிருந்து ஒரு வாசகி: அம்மா, ஆறு தக்காளிக் கன்று வைத்தேன். காய் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் பழுக்க முதலே காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல்போலக் காய்ந்து போகிறது. கல்சியம் குறைவாம், சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

போடாதேங்கோ பிள்ளை. உங்கள் வளவுக்குக் கீழே கிடப்பதே சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் கொதிக்கிற கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதில் பெரும்பங்கு கல்சியம்தான். மண்ணில் அதற்குப் பஞ்சம் இல்லை. காய்க்குப் போய்ச் சேருவதில்தான் சிக்கல்.

கல்சியம் தண்ணீரோடு சேர்ந்துதான் வேரிலிருந்து மேலே ஏறும். இந்த வெயிலில் ஏறுகிற தண்ணீரை இலைகளே இழுத்துவிடுகின்றன. காய்க்குக் கொஞ்சம்தான் போகும், அதிலும் அடிநுனிக்குக் கடைசியாகத்தான் போகும். ஒருநாள் பாத்தி நிறைய விட்டு, அடுத்த மூன்று நாள் மறந்துவிட்டால் அந்தக் கொஞ்சமும் நின்றுவிடும். அதுதான் அடி கறுப்பது. நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. மருந்து அடித்துக் காசைக் கரைக்க வேண்டாம்.

எங்கள் ஐயா துலா மிதித்த காலத்தில் கிழக்கு வெளுக்க முதலே இறைப்புத் தொடங்கிவிடும். அம்மா மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். வெயில் ஏறும்போது தோட்டத்து வேலை முடிந்திருக்கும். பம்ப் வந்த பிறகு நினைத்த நேரத்தில் சுவிட்சைப் போடுகிறோம். நீங்கள் காலை 7 மணிக்கு முதல் விடுங்கள். விட முதல் சுட்டுவிரலை மண்ணில் 2 அங்குலம் இறக்கிப் பாருங்கள். செம்மண் மேலே பொருக்கு வெடித்துக் கிடந்தாலும் கீழே விரலில் ஒட்டும் ஈரம் இருக்கும். ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். உதிர்ந்தால் விடுங்கள், அதுவும் வேரடி நனையும் அளவுக்கு.

பிறகு மண்ணை மூடுங்கள். இந்தப் பதில் முழுவதிலும் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வைக்கல், தென்னோலைச் சருகு, துண்டு துண்டாக வெட்டிய காவோலை, வேலியில் வெட்டிய பூவரசங் குழை, எது கிடைத்தாலும் 3 அங்குலக் கனத்துக்குப் பரப்பலாம். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள், ஒட்டிப் போட்டால் கறையான் ஏறும். கிழமைக்கு ஒருக்கால் குழையைத் தூக்கிப் பாருங்கள். யூரியாவை இப்போதைக்கு நிறுத்துங்கள், அது இலையைத்தான் கொழுக்கப் பண்ணும். கறுத்த காய்களை ஆய்ந்துவிடுங்கள். கறுப்பை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடலாம்.

இன்னொன்று. ஒருமுறை பகல் 1 மணிக்கு, வெயிலில் கிடந்த ஹோஸ் குழாயைத் திறந்து நேரே கத்தரி நாற்றுக்குப் பிடித்துவிட்டேன். முதலில் வந்தது சுடுதண்ணீர். 22 நாற்றில் 5 தான் மிஞ்சியது. குழாய்க்குள் தேங்கிய தண்ணீர் ஓடிக் குளிரும்வரை ஒரு வாளியில் பிடித்துவிட்டுப் பிறகு பயிருக்கு விடுங்கள்.

காரைநகரிலிருந்து ஒரு வாசகர்: கிணறு சித்திரைக்குப் பிறகு உவர்க்கிறது. போஞ்சியும் கரட்டும் இலை ஓரம் கருகி நிற்கின்றன. பசளை கூட்டிப் போடட்டுமா?

வேண்டாம் ஐயா. இரசாயனப் பசளையும் ஒரு வகை உப்புத்தான், கருகல் கூடும். எங்கள் நிலத்தடியில் நல்ல தண்ணீர் ஒரு படையாகக் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழைதான் அந்தப் படை. கோடையில் அது மெலிந்துவிடும். அந்த நேரம் பம்பைப் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் கீழே இருக்கிற உப்புநீர் மேலே ஏறிவரும். கொஞ்சம் இறைத்து, கிணறு ஊற விட்டு, பிறகு மீதியை இறையுங்கள். முடிந்தால் வாளியால் மேல்தண்ணீரை மட்டும் அள்ளுங்கள். நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பக்கத்து வளவுக் கிணறும் அதே படையில்தான் நிற்கிறது, அதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இலையில் தெளிக்காமல் வேரடியில் விடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேல்மண்ணில் தங்கிவிடும். இடைவெளி விட்டு, ஆழமாக விடுவது நல்லது. போஞ்சி, கரட், வெங்காயம் மூன்றும் உவரைத் தாங்காதவை. அவற்றை மழைக்குப் பிந்திய மாதங்களுக்கு ஒதுக்குங்கள். பீற்றூட் நன்றாகத் தாங்கும். பூவுக்கு நித்தியகல்யாணி, போகன்விலா, அலரி வையுங்கள். அலரி நஞ்சு, ஆடு மாடு எட்டாத பக்கமாக நடுங்கள்.

கரவெட்டியிலிருந்து ஒரு தம்பி: பூசணி நிறையப் பூக்கிறது, ஒரு பிஞ்சும் இல்லை. புடலையும் அப்படித்தான். கொடி மலடா?

மலடு இல்லை தம்பி. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. நீளக் காம்பில் வெறும் பூவாக நிற்கும். பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பூசணிபோல ஒரு உருண்டை இருக்கும். அது வரும்வரை பொறுங்கள். வெக்கை கூடினால் ஆண் பூத்தான் அதிகம் வரும்.

பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளித்து விழுந்தால் தேனீ வரவில்லை என்று அர்த்தம். அப்போது நீங்கள்தான் செய்ய வேண்டும். பூசணிப் பூ விடியப் பூத்து வெயில் ஏறக் கூம்பிவிடும், ஆகையால் காலைத் தேத்தண்ணீருக்கு முதலே போங்கள். புதிதாக விரிந்த ஆண் பூ ஒன்றை ஆய்ந்து இதழ்களை உரித்தால் நடுவில் மஞ்சள் மாப் பூசிய தண்டு தெரியும். அதைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுத் தடவுங்கள். விரலில் மஞ்சள் ஒட்டினால் மா நன்றாக இருக்கிறது. ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குக் காணும்.

புடலையின் கதை வேறு. அந்த வெள்ளைப் பூ பொழுதுபட்ட பிறகுதான் நூல்நூலாக விரியும், அந்துப்பூச்சிகள் தேடி வரும். பின்னேரம் மருந்தடிக்கிற பழக்கம் இருந்தால் பந்தல் பக்கத்தை விட்டுவிடுங்கள். சோளகக் காற்றுப் பலக்க முதல் பந்தற்காலையும் ஒருமுறை இறுக்கிக் கட்டுங்கள். காய் நீள ஆரம்பித்ததும் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சுருண்டுவிடும்.

கொழும்புத்துறை வாசகி: சட்டியில் வைத்த செவ்வரத்தை இலை மஞ்சளாகிறது. நரம்பு மட்டும் பச்சை.

அது இரும்புச் சத்துக் குறைவு. எங்கள் செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். ஆனால் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு அதை வேர் எடுக்க முடியாதபடி கட்டிவைத்துவிடுகிறது. சட்டியில் அந்தச் சுண்ணாம்பு சேர்ந்துகொண்டே போகும். மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, நன்றாக உக்கிய இலைப்பசளையும் சாணமும் கலந்து போடுங்கள். இலைக்குத் தெளிக்கிற இரும்புக் கலவை விவசாய மருந்துக் கடைகளில் இருக்கும், போத்தலில் சொன்ன அளவுக்கு மேலே போகவேண்டாம். வீட்டில் ஏசி இருந்தால் அதிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடியுங்கள். அதில் சுண்ணாம்பு கிடையாது. என் இரண்டு ரோசாச் சட்டிகள் இரண்டு கோடையாக அதில்தான் நிற்கின்றன.

மீசாலையிலிருந்து: மிளகாய் இலை சுருள்கிறது.

இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பேன்போல ஊரும். காலையில் அடியிலிருந்து மேல்நோக்கித் தண்ணீரைப் பீச்சிக் கழுவுங்கள். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து 1 லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்துப் பின்னேரத்தில் அடியுங்கள். வேப்பம்பழம் விழத் தொடங்கியதும் பொறுக்கி, சதை கழுவி, நிழலில் உலர்த்தி வைத்தால் வருடம் முழுக்கக் காணும்.

நல்லூர் வாசகி: மல்லிகை இலையாகவே வளருகிறது.

தை மாதம் வெட்டியிருக்க வேண்டும். இப்போது அடியோடு வெட்ட வேண்டாம், ஒவ்வொரு பூப்பு முடிந்ததும் நுனியை மட்டும் கிள்ளுங்கள். மாமர நிழலில் இருந்தால் எதைச் செய்தும் பயனில்லை, வெயிலுக்கு மாற்றுங்கள்.

சுண்டுக்குளி வாசகர்: நாலைந்து நாள் வீட்டில் இருக்க மாட்டோம். செடிகளுக்கு யார் தண்ணீர் விடுவது?

மினுக்கம் பூசாத மண்முட்டிகளைச் செடிகளுக்கு நடுவே கழுத்துவரை புதைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மண்ணின் ஊடாகக் கசிந்து வேர் இழுக்கிற அளவுக்குக் கொடுக்கும். போவதற்கு மூன்று நாள் முதலே புதைத்து, எத்தனை நாளில் வற்றுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டிச் செடிகளை ஒன்றாகச் சேர்த்து வேப்பமர நிழலில் வையுங்கள். முட்டியின் வாயை இடைவெளி இல்லாமல் மூடுங்கள், சிரட்டை பொருந்தாவிட்டால் துணியைப் போட்டுக் கட்டுங்கள். திறந்து கிடந்தால் நுளம்பு முட்டையிடும். சட்டிகளின் கீழே வைக்கிற தட்டுகளையும் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.