எந்தக் கடிகாரம்? காலம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: காலம் என்றால் என்ன? சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் சொல்லுங்கள் சார்.

பதில்: கடிகாரம் எதை அளக்கிறதோ அது. சப்பென்று இருக்கலாம். ஆனால் 1905இல் ஐன்ஸ்டைன் தன் சார்பியல் கட்டுரையில் கிட்டத்தட்ட இங்கிருந்துதான் கிளம்பினார். ரயில் 7 மணிக்கு வருகிறது என்றால், என் கடிகாரத்தின் சின்ன முள் 7ஐக் காட்டுவதும் ரயில் வந்து நிற்பதும் ஒன்றாக நடக்கின்றன, அவ்வளவுதான் என்றார். அப்புறம்தான் வில்லங்கம்: ரயில் வேறொரு ஊரில் வந்து நின்றால் எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது? இன்று வந்த கேள்விகளில் பாதி, 'எந்தக் கடிகாரம்' என்று கேட்க மறந்ததால் வந்தவை.

கேள்வி: நான் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். ஜிபிஎஸ் சாட்டிலைட்டில் நேரம் வேகமாக ஓடுகிறது என்று என் மகன் சொல்கிறான். கதை விடுகிறானா?

பதில்: இல்லை அண்ணா, பையன் சரியாகத்தான் சொல்கிறான். அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 14,000 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகின்றன. இந்த வேகத்தால் அவற்றின் கடிகாரம் நாளொன்றுக்கு 7 மைக்ரோ வினாடி (ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோ வினாடி) பின்தங்கும். அவ்வளவு உயரத்தில் பூமியின் ஈர்ப்பு குறைவு என்பதால் 45 மைக்ரோ வினாடி முந்தும். கழித்தால், தினமும் 38 மைக்ரோ வினாடி முந்துகிறது. ஒளி அதற்குள் 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். சிக்னல் கிளம்பிய நேரத்தையும் வந்த நேரத்தையும் வைத்துத்தான் உங்கள் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது, அதனால் இதைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது.

எப்படிச் சரிசெய்கிறார்கள்? 10.23 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய கடிகாரத்தைத் தரையிலேயே 10.22999999543க்குக் குறைத்து வைத்து ஏவுகிறார்கள். மேலே போனதும் கணக்கு நேராகிவிடும். ஆரம்பத்தில் இதெல்லாம் தேவைதானா என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். அதனால் 1977இல் ஏவிய என்டிஎஸ்-2 செயற்கைக்கோளில் திருத்தத்தை ஆஃப் செய்து 20 நாள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு லட்சம் கோடியில் 446.5 பங்கு வேகமாக ஓடும் என்றது கணக்கு. அளந்தபோது வந்தது 442.5. சந்தேகப்பட்டவர்களுக்கு வாயடைத்துப் போயிருக்கும்.

கேள்வி: அப்படியென்றால் விண்வெளி வீரர்களுக்கு நம்மைவிடச் சீக்கிரம் வயதாகுமா?

பதில்: நேர்மாறு. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஈர்ப்பு அவ்வளவாகக் குறையவில்லை, வேகம்தான் ஜெயிக்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 மைக்ரோ வினாடி பின்தங்கல். சுனிதா வில்லியம்ஸ் 286 நாள் தங்கிவிட்டுத் திரும்பியபோது நம்மைவிடச் சுமார் 7 மில்லி வினாடி இளையவராக வந்தார்.

கேள்வி: கடிகாரம் மெதுவாக ஓடினால் அது கடிகாரத்தின் கோளாறு. காலமே மெதுவாகிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? (கல்லூரி மாணவி)

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் அம்மா. பல்சக்கரமோ, பேட்டரியோ, கோளாறாக எந்தப் பாகமோ இல்லாத ஒரு கடிகாரம் இருக்கிறது: மியூவான் என்ற துகள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கிறது. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. ஒளியே அந்த நேரத்தில் 660 மீட்டர்தான் போகும். அப்படியானால் தரைக்கு ஒரு மியூவான்கூட வந்து சேரக் கூடாது. ஆனால் இதைப் படிக்கும்போதே உங்கள் உள்ளங்கை வழியாக வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் போய்க்கொண்டிருக்கின்றன. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் 560 சதுர மீட்டர் பரப்புள்ள கருவியை வைத்து இவற்றை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

மியூவானைப் பொறுத்தவரை அது எப்போதும்போல 2.2 மைக்ரோ வினாடிதான் வாழ்கிறது. அதன் கண்ணுக்குச் சுருங்கியிருப்பது காற்று மண்டலத்தின் உயரம். நம் கடிகாரத்தில்தான் அதன் ஆயுள் நீள்கிறது. இரண்டு கணக்கிலும் அது தரைக்கு வந்துவிடுகிறது.

கேள்வி: 'நேற்று, இன்று, நாளை எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, காலம் ஒரு மாயை' என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அறிவியல் இதை நிரூபித்துவிட்டதா?

பதில்: நிரூபித்தது வேறு, வீடியோக்காரர் தாவியது வேறு. பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவான 'இப்போது' கிடையாது, இது உறுதி. ஆண்ட்ரோமேடா விண்மீன் கூட்டம் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நீங்கள் அதை நோக்கி மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறீர்கள், நான் நின்றுகொண்டிருக்கிறேன். 'இந்த நொடி அங்கே என்ன நடக்கிறது' என்பதில் உங்கள் கணக்குக்கும் என் கணக்குக்கும் 4 நாள் வித்தியாசம் வரும். ஆனால் காரணம் முந்தி, விளைவு பிந்தி என்ற வரிசை யார் கணக்கிலும் மாறாது. இதிலிருந்து 'எல்லாம் முடிந்துபோன கதை' என்று போவது தத்துவம். பேசலாம், தப்பில்லை. சார்பியலின் மேல் பாரத்தைப் போடக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: காலம் ஏன் பின்னோக்கி ஓடுவதில்லை?

பதில்: 100 நாணயங்களை எல்லாம் தலை மேலாக அடுக்கி, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். எல்லாமே தலையாக விழ ஒரே ஒரு வழி. பாதி தலை, பாதி பூவாக விழ, 1க்குப் பின்னால் 29 சைபர் போட்டால் எவ்வளவோ அவ்வளவு வழி. ஒழுங்கிலிருந்து கலவைக்குப் போவதற்கு விசேஷ விதி எதுவும் தேவையில்லை, எண்ணிக்கையே போதும். 19ஆம் நூற்றாண்டில் இயற்பியலாளர் போல்ட்ஸ்மான் சொன்னதன் சாரம் இதுதான். அந்த வழிகளின் எண்ணிக்கையைத்தான் என்ட்ரோபி அளக்கிறது.

இந்த மாதிரி வாதத்தை அவருடைய நண்பர் லோஷ்மிட் அந்தக் காலத்திலேயே மடக்கியிருந்தார்: துகள்களின் இயக்க விதிகள் முன்னும் பின்னும் ஒரே மாதிரிதானே? உங்கள் வாதம் நேற்றைய பக்கமும் பொருந்துமே, அப்படியானால் நேற்றும் கலவை அதிகமாகத்தானே இருந்திருக்க வேண்டும்? கூர்மையான கேள்வி. நாணயங்களை முதலில் யாரோ அடுக்கி வைத்ததால்தான் கதை ஒரு பக்கமாக ஓடுகிறது. அதுபோல, பிரபஞ்சம் மிகக் குறைந்த என்ட்ரோபியில் தொடங்கியது என்று வைத்தால்தான் கணக்கு நிற்கும். ஏன் அப்படித் தொடங்கியது என்பதுதான் காலத்தைப் பற்றிய ஆகப்பெரிய புதிர் என்பது என் கட்சி. டைம் மெஷினெல்லாம் அதற்குப் பக்கத்தில் வராது.

கேள்வி: பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்கிறார்கள். நீங்கள்தான் பொதுவான கடிகாரம் இல்லை என்கிறீர்களே?

பதில்: பிடித்துவிட்டீர்கள்! பிரபஞ்சத்தின் விரிவோடு சேர்ந்து மிதந்துகொண்டே வந்த ஒரு கடிகாரம், அதாவது பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி தெரியும்படி இருக்கிற கடிகாரம், காட்டும் நேரம் அது. நம் பூமி நொடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் அதிலிருந்து விலகி ஓடுகிறது. ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் சொற்பம், அதனால் நமக்கும் அதே எண் பொருந்துகிறது.

கேள்வி: பத்தாவது மாடியில் ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். சீக்கிரம் கிழவியாகிவிடுவேனா?

பதில்: ஆவீர்கள் அக்கா! தரையில் இருப்பவரைவிட 30 மீட்டர் உயரத்தில் 80 வருடம் குடியிருந்தால் சுமார் 8 மைக்ரோ வினாடி கூடுதலாக வயதாகும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2010இல் அமெரிக்காவில் ஓர் அணுக் கடிகாரத்தை 33 சென்டிமீட்டர் உயர்த்தியே இந்த வித்தியாசத்தை அளந்தார்கள். 2022இல் ஒரே ஒரு மில்லிமீட்டருக்குள் அளந்துவிட்டார்கள். லிப்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று பாருங்கள், முதலில் அதுதான் முக்கியம்.