நூலகத்து அக்கா பதில்கள்: மார்ச்சோடு கதை நேரமும் முடியுமா?

கேள்வி: பிரதேச சபை நூலகமொன்றில், ஒரு தொண்டு நிறுவனத்தின் நிதியில் ஒன்றரை வருடமாக வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் கதை நேரம், பின்னேரங்களில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு வகுப்பு, மாதம் இரண்டு தரம் புத்தகப் பெட்டியோடு உள்கிராமங்களுக்குப் போவது எல்லாம் நான்தான். வருகிற மார்ச்சோடு நிதி முடிகிறது. "இனிச் சபை பார்க்கும்" என்கிறது நிறுவனம். "ஆளணி (அனுமதித்த பதவியிடம்) இல்லை" என்கிறது சபை. கணினியும் அலுமாரியும் வாங்கித் தந்தவர்களுக்கு ஒரு ஆளின் சம்பளம் மட்டும் ஏன் பாரமாகிறது?
பெயர் வேண்டாம், படுவான்கரை

பதில்: மகள், உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம், மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, உங்கள் படுவான்கரைக்கு எதிர்க்கரையான எழுவான்கரையில் நான் வேலை செய்த நூலகத்துக்கு வெளிநாட்டு நிதி வந்தது. முகாமில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, கதை சொல்ல ஒரு பிள்ளையை எடுத்தோம். இருபத்திரண்டு வயது. முதல் நாளே அவள் ஒன்றைக் கவனித்துவிட்டாள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எந்தப் பிள்ளையும் இருக்காது. அதனால் பாயைத் திருப்பிப் போட்டு, தான் கடல் பக்கம் முதுகைக் கொடுத்து இருந்தாள். பிள்ளைகள் அவளுடைய தோளுக்கு மேலால் கடலைப் பார்த்துக்கொண்டே கதை கேட்டார்கள். எந்தத் திட்ட முன்மொழிவிலும் இப்படியொன்றை எழுத முடியாது. நிதி வாங்கித் தந்ததில் பெறுமதியானது அந்தப் பிள்ளைதான்.

நிதி ஒரு மார்ச் 31ஆம் தேதி முடிந்தது. அவள் வீட்டுக்குப் போனாள். கொட்டிலைப் பூட்டினோம். ஓகஸ்டில் அலுமாரியை எடுக்கப் போய்க் கதவைத் திறந்தபோது, கதவுக்குக் கீழே ஒரு கதைப் புத்தகம் கிடந்தது. யாரோ ஒரு பிள்ளை தவணை தவறாமல் கொண்டுவந்து, வாங்க ஆள் இல்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. பாதியைக் கறையான் தின்றிருந்தது. தேதித் தாளில் ஏப்ரல் 14 என்ற முத்திரை மட்டும் தெளிவாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அலுமாரி மூலதனச் செலவு. ஒரு தரம் கொடுத்து, படம் எடுத்து, கணக்கை முடித்துவிடலாம். சம்பளம் மாதா மாதம் வரும் செலவு. நிதி தருபவர்கள் அதற்குத்தான் பயப்படுகிறார்கள். நம்முடைய வாவிக்குக் குறுக்கே ஜப்பானின் நன்கொடையில் கட்டிய மண்முனைப் பாலம் 2014இல் திறந்தது. கட்டியது நிற்கிறது. கதை நேரம் அப்படியில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு ஆள் வந்து கதவைத் திறந்தால்தான் அது உண்டு.

சபை சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நிரந்தரப் பதவி ஒன்றை உருவாக்க முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் ஆளணி அனுமதி வேண்டும். தவிசாளர் தனியாக விரும்பினாலும் முடியாது. ஆகவே பதவி கேட்டுப் போகாதீர்கள், பாதீட்டில், அதாவது சபையின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்தில், ஒரு செலவினம் கேளுங்கள். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. டிசம்பர் முடிவதற்குள் பாதீடு நிறைவேறிவிட வேண்டும். உங்கள் நிதி முடிவது மார்ச்சில். அப்படியென்றால் ஏப்ரல் முதல் டிசம்பர் வரையான ஒன்பது மாதக் கொடுப்பனவு, இந்த வருடம் தயாராகும் பாதீட்டிலேயே வாசிப்பு மேம்பாட்டு நிகழ்ச்சி என்ற பெயரில் ஏற வேண்டும். பெப்ரவரியில் போய் நின்றால் காலம் கடந்துவிடும்.

2023 மார்ச்சிலிருந்து 2025 மே மாதத் தேர்தல் வரை, தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல், சபைகளைச் செயலாளர்களே நடத்தினார்கள். இப்போது உங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். நாலைந்து தாய்மாரைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போங்கள். வரவுப் பதிவேட்டையும் கொண்டுபோங்கள். "பலர் பயனடைந்தனர்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்தச் சனிக்கிழமை எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று எழுதுங்கள்.

நிறுவனத்திடமும் ஒன்று கேளுங்கள். மிச்சமிருக்கும் காசை மார்ச்சோடு நிறுத்தாமல், சபை பாதி, அவர்கள் பாதி என்று இன்னும் ஆறு மாதத்துக்கு இழுக்க முடியுமா என்று கேளுங்கள். நிதி தருபவரின் எழுத்துச் சம்மதம் இருந்தால் இது நடக்கும். அப்புறம், உங்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா? உங்களிடம் 8 வீதம் பிடித்தால், அவர்கள் 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் போட வேண்டிய 3 வீதம் வேறு. சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "நிதி வரும்வரை சும்மா வந்து செய்கிறேன்" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து நான் வேறொரு நிகழ்ச்சியை நாலு மாதம் அப்படிச் செய்தேன். அந்த வேலைக்குச் செலவே இல்லை என்று எழுதி, அடுத்த வருடப் பாதீட்டில் வெறுங்கோடு போட்டார்கள்.

கேள்வி: மற்ற நாடுகளில் நன்கொடை கொடுப்பவர்கள் நூலகர் சம்பளத்தையும் கொடுக்கிறார்களா?
நூலகவியல் மாணவர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, அமெரிக்க உருக்குத் தொழிலதிபர் அன்ட்ரூ கார்னகி உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட நூலகங்களுக்குக் கட்டடக் காசு கொடுத்தவர். சம்பளம் கொடுக்கவில்லை. நிலத்தை ஊர் தர வேண்டும். தான் கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை வருடா வருடம் நூலகத்தை நடத்த ஊரே ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். எனக்குப் பிடித்தது அந்த நிபந்தனைதான்.

இன்றைய அமெரிக்காவில், 1996இல் உருவான அருங்காட்சியக, நூலகச் சேவைகள் நிறுவனம் மாநிலங்களுக்கு நிதி பகிர்கிறது. அந்தக் காசில் நூலகர் பயிற்சி, சிறுவர் வாசிப்பு நிகழ்ச்சிகள் எல்லாம் நடக்கின்றன. அங்கும் செலவில் மத்திய அரசின் பங்கு 66 வீதம், மிச்சம் 34 வீதத்தை மாநிலம் தேட வேண்டும். 2025 மார்ச்சில் அந்த நிறுவனத்தைச் சுருக்கச் சொல்லி ஜனாதிபதி உத்தரவிட்டு, ஊழியர்களைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். பணக்கார நாட்டிலும் வெளிக்காசு ஒரே இரவில் ஆடும். பொது நூலகத்துக்கு நிதி கொடுப்பது மத்திய, உள்ளூர் அரசுகளின் பொறுப்பு என்று யுனெஸ்கோவின் பொது நூலகப் பிரகடனமும் சொல்கிறது. உங்கள் ஆய்வுக்கு அதன் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தை எடுத்து வாசியுங்கள்.

கேள்வி: கனடாவிலுள்ள அண்ணா எங்கள் ஊர் நூலகத்துக்கு மூன்று பெட்டி புத்தகம் அனுப்பப் போகிறார். நல்லதுதானே அக்கா?
வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: அண்ணாவின் மனம் நல்லது. ஆனால் பழைய ஆங்கில வழிகாட்டிகள் வந்து ராக்கையை அடைத்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கப்பல் கூலியைக் கணக்குப் பார்த்து, அந்தக் காசையே அனுப்பச் சொல்லுங்கள். அதில் நம்முடைய மட்டக்களப்பு, அம்பாறை எழுத்தாளர்களின் புத்தகங்களை வாங்கலாம். மிச்சம் வந்தால் ஒரு மாதக் கதை நேரத்துக்கு ஆள் கூலி கொடுக்கலாம். எதற்கும் முதலில் நூலகரிடம் போய், தேவையான புத்தகங்களின் பட்டியலை வாங்கி அண்ணாவுக்கு அனுப்புங்கள்.