இரவுப் பசி காலையிலேயே தொடங்கிவிடுகிறது

கேள்வி: எனக்கு 38 வயது. எடையைக் குறைக்க வேண்டும் என்று பகல் முழுவதும் கட்டுப்பாடாக இருக்கிறேன். காலை உணவு கிடையாது, மதியம் கொஞ்சம்தான். ஆனால் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறைக்குப் போய், நின்றபடியே பிஸ்கட், இனிப்பு என்று கைக்குக் கிடைத்ததைச் சாப்பிடத் தொடங்கினால் நிறுத்த முடிவதில்லை. வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறேன். படுக்கும்போது பன்னிரண்டரை ஆகிவிடுகிறது. ஐந்து மணிக்கு எழ வேண்டும். காலி பாக்கெட்டுகளைக் குப்பைக்கூடையின் அடியில் மறைத்து வைக்கிறேன். மறுநாள் பரிகாரமாகப் பட்டினி, இரவில் மறுபடியும் அதே கதை. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் இப்படி. மன உறுதியை வளர்க்க ஒரு வழி சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களிடம் குறைவாக இருப்பது மன உறுதி அல்ல. காலையில் ஒன்றும் சாப்பிடாமல், மதியம் அரை வயிற்றோடு எழுந்து, இரவுவரை எல்லா வேலைகளையும் சமாளிக்கிறவருக்கு மன உறுதி இல்லை என்று யார் சொன்னது? உங்களுக்குக் குறைவாக இருப்பது சாப்பாடு.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்கிறோம். அந்தப் பத்தில் மானமும் உண்டு, அறிவும் உண்டு, தவமும் உண்டு. ஊருக்கெல்லாம் பொருந்தும் இந்தச் சொல் உங்கள் விஷயத்தில் மட்டும் பொய்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்.

1944 இறுதியில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியலாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். உடலும் மனமும் திடமான 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்து அதில் சேர்ந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு ஏறத்தாழப் பாதிச் சாப்பாடு. எடை குறைந்தது, சரி. அதைவிட வியப்பு, அவர்களுடைய மனத்துக்கு நேர்ந்தது. பேச்சும் கனவும் சாப்பாடாகவே ஆயின. அதுவரை அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். தட்டை நக்கினார்கள். சோதனை முடிந்து வேண்டியதைச் சாப்பிடலாம் என்றானபோது, சிலர் வயிறு கொள்ளாத அளவுக்குச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். உங்கள் பகல் அவ்வளவு கடுமையானதல்ல. ஆனால் வேலை செய்யும் உடல் ஒன்றுதான். அதற்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நிறுத்திவைத்தால், அது வட்டியோடு வசூலிக்க வரும். உங்களிடம் அது இரவில் வருகிறது, ஏனென்றால் அப்போதுதான் கதவு திறந்திருக்கிறது.

ஆகவே, நீங்கள் கேட்ட வழியைச் சொல்லப் போவதில்லை. மூன்று வாரத்துக்கு எடை குறைப்பதை ஒதுக்கிவையுங்கள். காலையில் சாப்பிடுங்கள். மதியம் வயிறாரச் சாப்பிடுங்கள். மாலையில் ஏதாவது சிற்றுணவு, பிறகு இரவு உணவு. விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு வேளைகளுக்கு நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழ வேண்டாம். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. கட்டுமீறி உண்ணும் சிக்கலுக்கு உளவியலாளர்கள் தரும் சிகிச்சையில் தொடக்கத்திலேயே வரும் பாடம், நேரத்துக்குச் சாப்பிடுவது. என்ன சாப்பிடுகிறோம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதில் கடினமான நாள் எது தெரியுமா? முந்தைய இரவு தடுமாறிய நாளின் காலை. வயிறு கனமாக இருக்கும், மனம் அதைவிடக் கனமாக இருக்கும், இன்றைக்கு ஒன்றும் வேண்டாம் என்று தோன்றும். அன்றைக்கும் சாப்பிட வேண்டும். குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, வேளை தவறக்கூடாது. பரிகாரப் பட்டினி என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அடுத்த இரவுக்கு நீங்கள் போடும் முன்பணம்.

எடை கூடிவிடாதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முதல் சில வாரங்களில் எடை கொஞ்சம் ஏறி இறங்கலாம். அதற்குப் பிறகும் என்ன ஆகும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் இப்போதைய முறையில் எடை குறையவில்லை என்பதை நீங்களே எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். தினமும் எடை பார்ப்பவரானால் வாரம் ஒரு முறை என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் உண்டு. முதல் பிஸ்கட்டை யாரும் குற்றம் சொல்ல முடியாது. இருபதாவது பிஸ்கட்டுக்குக் காரணம் பசி மட்டும் அல்ல. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகுதான் அதிகமாகச் சாப்பிட்டார்கள். விரதம் கெட்டுவிட்டது, இனி என்ன? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? நம் பெரியவர்கள் ஒரே வரியில் சொன்னதைச் சோதனைச்சாலையில் நிரூபித்திருக்கிறார்கள். ‘தொடவே கூடாது’ என்ற விதி இருப்பதால்தான் தொட்ட மறுகணம் எல்லாம் உடைகிறது. உங்களுக்குப் பிடித்த இனிப்பை வாரத்தில் சில நாட்கள் பகலில், தட்டில் எடுத்து வைத்து, உட்கார்ந்து, மற்றவர்கள் பார்க்கச் சாப்பிடுங்கள். நின்றுகொண்டு இருட்டில் சாப்பிடும்போது அதன் ருசிகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் இரவில் கைக்கெட்டும் தூரத்தில் பாக்கெட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு உங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவை வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டபோது, அதிகம் பதப்படுத்தாத உணவு தந்தபோது சாப்பிட்டதைவிட, அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். பாக்கெட்டைப் பிரித்தால் தீர்த்துவிடுவது உங்களுடைய விசேஷக் குறை அல்ல. தற்போதைக்கு வீட்டில் அவை குறைவாக இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் சில இரவுகளில் வாய் நமநமக்கும். அது பசியா, ஆசையா என்று பிரித்துப் பாருங்கள். பசி மெல்ல வரும், எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். ஆசை திடீரென்று வரும், பெயர் சொல்லிக் கேட்கும். பசியானால் சாப்பிடுங்கள், மணி பதினொன்றானாலும் சரி. (உடனே தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லும் ஆலோசனை மேல் எனக்கு மதிப்பு இல்லை. தண்ணீர் தாகத்துக்கு.) ஆசையானால், அதோடு சண்டை போடாமல் கவனியுங்கள். போதைப் பழக்கச் சிகிச்சையில் பெயர்பெற்ற உளவியலாளர் ஆலன் மார்லட் உந்துதலை அலையாகப் பார்க்கச் சொன்னார். எழும், உச்சிக்குப் போகும், நாம் ஊட்டி வளர்க்காவிட்டால் தானாக இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். உச்சியில் இருக்கும்போது அது முடிவே இல்லாததுபோல் தோன்றுவதுதான் அதன் தந்திரம்.

கண்ணை மூடிக் கவனிப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. ஆசை மனத்தில் படமாக ஓடுகிறது. ஆகவே கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தாலும் போதும். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரையில் விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற விளையாட்டை மூன்று நிமிடம் விளையாட வைத்துப் பார்த்தார்கள். ஆசையின் வேகம் குறைந்தது. கட்டம் நிரப்பும் விளையாட்டு, கோலம், துணி மடிப்பது, எதுவாயினும் சரி.

தூக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நான்கரை மணி நேரத் தூக்கத்தோடு இந்தப் போராட்டம் யாருக்கும் கஷ்டம்தான். 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டபோது, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 விழுக்காடு கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. இனிப்பும் உப்பும் மாவுப்பண்டமும்தான் அவர்களுக்கு அதிகம் தேவைப்பட்டன.

ஏன் அவ்வளவு நேரம் விழித்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. என் ஊகம் தவறாக இருக்கலாம், இருந்தாலும் கேட்கிறேன். அந்த நள்ளிரவு ஒரு மணி நேரம்தான் நாள் முழுவதிலும் உங்களுக்கென்று கிடைப்பதா? யாரும் கூப்பிடாத, யாருக்கும் எதுவும் செய்யத் தேவையில்லாத நேரம். அப்படியானால் நீங்கள் தேடிப்போவது பிஸ்கட்டை அல்ல, அந்த அமைதியை. மாலையில் அரை மணி நேரத்தை வீட்டாரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்பது கூச்சமாக இருக்கும். கேளுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக்கூடாது. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, வயிறு வலிக்கும்வரை சாப்பிடுவது, வெட்கத்தால் தனியாகச் சாப்பிடுவது, பிறகு தன்மேலேயே வெறுப்பு. இவை வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாக நடந்தால் மருத்துவர்கள் அதைத் தனி நோயாகவே கருதுகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடம் கொடுத்தது. நீங்கள் எழுதியிருப்பது அதற்கு மிக அருகில் இருக்கிறது. கடிதத்தைப் படித்து நான் முடிவுகட்ட முடியாது. ஒரு மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். இதற்குப் பலன் தரும் சிகிச்சை உண்டு. சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது என்று ஏதாவது இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவரானால் உணவு நேரத்தை மாற்றுமுன் மருத்துவரைக் கேளுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் போன்றவை பசியைக் கூட்டும். நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்தக் காலி பாக்கெட்டுகளைப் பற்றி. வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். உங்களைத் தடுக்கும் வேலையை மட்டும் அவருக்குக் கொடுக்காதீர்கள். காவல் போட்டால் ஒளிவிடம் இன்னும் ஆழமாகும். காலையில் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். ஐந்து மணிக்கு எழுகிறவர் நீங்கள், ஏழு மணிக்காவது இருவருக்கும் தட்டு வைத்துவிடலாம்.